பாதங்கள் ஓர் அமானிதம்





மறுமை நாளில் நமது வாய்கள் முத்திரையிடப்படும், கைகள் பேசும், கால்கள் சாட்சி கூறும் என்று அல்குர்ஆனின் யாஸீன் அத்தியாயம் நமக்கு அறிவிக்கின்றது. இதனை விளக்கும்போது, அக்கால்கள் எங்கெங்கு நடந்து சென்றன என்பதைப் பற்றியே நாம் பேசுவது வழக்கம். அக்கால்களை நாம் எவ்வாறு நடத்தினோம் என்பதைச் சிந்திப்பவர்கள் குறைவு. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அவ்வுரிமையில் பாதங்களுக்கும் பங்கு இருக்கின்றது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் முப்பதுக்கும் மேற்பட்ட மூட்டுகளும் உள்ளன. நம் உடலின் பாரம் முழுவதையும் அவையே தாங்குகின்றன. காலி வீதிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்று வியாபாரம் செய்யும் இளைஞர்கள், புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார், கொட்டாஞ்சேனையின் மாடிக் குடியிருப்புகளில் படியேறி இறங்கும் தாய்மார் ஆகிய அனைவரின் வாழ்வாதாரமும் வணக்கமும் இந்த இரு பாதங்களின் மீதே நிற்கின்றன. நபி (ஸல்) அவர்கள் பாதங்கள் வீங்கும் அளவுக்கு இரவில் நின்று வணங்கியதை அன்னை ஆயிஷா (ரழி) அவர்களும் முஙீரா (ரழி) அவர்களும் அறிவித்துள்ளார்கள். தாதுர் ரிகாஃ போருக்குச் சென்ற தோழர்களில் ஆறு பேருக்கு ஓர் ஒட்டகமே இருந்தது. நடந்து நடந்து பாதங்கள் வெடித்து, நகங்கள் கழன்று விழுந்து, கந்தைத் துணிகளைக் கால்களில் சுற்றிக்கொண்டு சென்றதை அபூமூஸா அல் அஷ்அரீ (ரழி) அவர்கள் கூறினார்கள். பின்னர், தமது நற்செயலை வெளிப்படுத்திவிட்டோமே என்று அன்னார் வருந்தவும் செய்தார்கள்.

அமலை மறைப்பது சிறப்பாகும். நோயை மறைப்பது அவ்வாறன்று. இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்திய ஒரு நிகழ்ச்சியை இங்கு குறிப்பிட விரும்புகின்றேன்.

ஒரு கேள்வியும் குறையான பதிலும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், முதல் ஸஃப்பில் தவறாது நிற்கும் வயதான ஹாஜியார் ஒருவர் என்னிடம் வந்தார். “மௌலவி, கால் விரலில் சின்னக் காயம் ஒன்று. வலி ஏதும் இல்லை. வுழூ செய்யும்போது கட்டை அவிழ்த்துக் கழுவ வேண்டுமா?” என்று கேட்டார். கட்டின்மீது ஈரக்கையால் தடவும் முறையையும் தயம்மும் செய்யும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன். அவரும் திருப்தியுடன் சென்றார். ஏறக்குறைய இரண்டு வாரங்களின் பின்னர், அவருடைய விரல் அகற்றப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்தது. அவருக்கு நீண்ட காலமாகச் சீனி வியாதி இருந்தது.

நான் கூறிய சட்டத்தில் பிழை இல்லை. ஆனால், “வைத்தியரிடம் காட்டினீர்களா?” என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. “வலி இல்லை” என்று அவர் சொன்னதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். உண்மையில் அதுவே அபாய அறிவிப்பாக இருந்தது. இக்கட்டுரையை எழுதுவதற்கு அந்த ஹாஜியாரே காரணம்.

வலியும் ஒரு நிஃமத்

நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருக்கும்போது, பாதங்களின் நரம்புகள் சிறிது சிறிதாக உணர்விழக்கின்றன. முதலில் எரிவும் விறைப்பும் தோன்றலாம். பின்னர் முள் தைத்தாலும் தெரிவதில்லை; செருப்புக் கடித்தாலும் தெரிவதில்லை. அதே வேளையில் இரத்தக் குழாய்களும் ஒடுங்குவதால் புண் ஆறுவது தாமதமாகின்றது. கிருமி உட்புகுந்து எலும்பு வரை பரவிவிடலாம். இவ்வாறு அகற்றப்படும் கால்களில் பெரும்பாலானவற்றின் கதை ஒரு சிறு காயத்திலேயே தொடங்குகின்றது.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வில், வளர்ந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. நகர்ப்புறங்களில் இது மேலும் அதிகமாக இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல், தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். அதன் பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகள் இதனிலும் கூடிய அளவையே காட்டின. எனவே, “எனக்குச் சீனி இல்லை” என்று சொல்வதற்கு முன் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது அவசியமாகும்.

வலியின் பெறுமதியை உலகுக்கு விளக்கியவர்களுள் போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்தவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அன்று பலரும் நம்பினர். அவரோ, அந்நோயாளிகள் உணர்விழந்ததால் தமக்கு ஏற்படும் தீக்காயங்களையும் வெட்டுகளையும் அறியாது, அதே காலால் தொடர்ந்து நடப்பதே அழிவுக்குப் பெரும் காரணம் என்று கண்டறிந்தார். மென்மையான இறப்பரில் செருப்புகள் செய்வித்து அவர்களுடைய பாதங்களைக் காத்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, அதே பாடம் நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் பொருந்துவதைக் காட்டினார். வலி என்பது அல்லாஹ் நமக்குள் வைத்துள்ள காவலாளி. அக்காவலாளி உறங்கிவிட்டால், நமது கண்களும் கைகளும் அந்தக் காவலை ஏற்க வேண்டும்.

வுழூ ஐந்து வேளைப் பரிசோதனை

இந்தக் காவலுக்குரிய நேரத்தை மார்க்கம் நமக்கு முன்னரே வகுத்துத் தந்துள்ளது. கரண்டை வரை கால்களைக் கழுவுவது வுழூவின் பர்ளாகும். குதிகால்கள் நனையாமல் அவசரமாக வுழூ செய்தவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். லகீத் இப்னு ஸபிரா (ரழி) அவர்களுக்கு விரல்களுக்கிடையே கோதிக் கழுவுமாறு கற்றுக் கொடுத்தார்கள். தமது சின்ன விரலால் கால் விரல்களின் இடைகளை அன்னார் தேய்த்ததை முஸ்தவ்ரித் (ரழி) அவர்கள் கண்டு அறிவித்துள்ளார்கள்.

நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் இதற்கோர் ஒழுங்கையும் கூறுகின்றன. இடக்கையின் சின்ன விரலால், வலக்காலின் சின்ன விரலில் ஆரம்பித்து, இடக்காலின் சின்ன விரலில் முடிக்க வேண்டும். இவ்வாறு செய்பவர் தமது பாதங்களின் ஒவ்வோர் இடுக்கையும் தொட்டுவிடுகின்றார். குழாயைத் திறந்து ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துவிட்டு ஓடுபவருக்கு இந்தப் பயன் கிடைப்பதில்லை. அமர்ந்து, குனிந்து, கையால் கழுவுங்கள். கழுவும்போது வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, வீக்கம், நிறமாற்றம் ஏதும் உண்டா என்று பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். அல்லது பிள்ளைகளிடம் பார்க்கச் சொல்லலாம். வாப்பாவின் பாதத்தைப் பார்ப்பதும் உம்மாவின் பாதத்தைத் துடைத்துவிடுவதும் பிள்ளைகளுக்கு இழிவல்ல, பாக்கியமாகும்.

இங்கு ஒரு சந்தேகத்தை நீக்க வேண்டும். வுழூவின் நீரைத் துடைக்காமல் விடுவது சிறந்தது என்று நமது மத்ஹபில் கூறப்பட்டுள்ளது. இதனைக் கேட்ட பெரியோர் சிலர், ஈரக் காலுடனேயே காலுறையும் சப்பாத்தும் அணிந்துகொள்கின்றனர். ஆனால் அந்தச் சட்டம் தேவை ஏதும் இல்லாதவருக்குரியது. தேவை இருப்பவர் துடைப்பதில் எந்தக் குறையும் இல்லை என்பதையும் அதே நூல்கள் சொல்கின்றன. கொழும்பின் புழுக்கத்தில் விரலிடுக்கில் தங்கும் ஈரம் சேற்றுப்புண்ணை உண்டாக்குகின்றது. சேற்றுப்புண் உள்ளவர், சீனி வியாதி உள்ளவர், நாள் முழுதும் சப்பாத்து அணிபவர் ஆகியோருக்கு அந்தத் தேவை தெளிவாகவே உண்டு. ஆகவே, சொந்தமாக ஒரு சிறு துணியை வைத்து விரலிடுக்குகளை ஒற்றித் துடைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவான பாத நோய்களும் பரிகாரமும்

சேற்றுப்புண்: பெரும்பாலும் நான்காம் விரலுக்கும் சின்ன விரலுக்கும் இடையில் தோல் வெளுத்து, உரிந்து, அரிக்கும். இது பூஞ்சணத்தால் வருவது. குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சண எதிர்ப்புக் களிம்பை, பாமசியில் அல்லது வைத்தியரிடம் கேட்டுப் பூச வேண்டும். அரிப்பு நின்றவுடன் மருந்தை நிறுத்துவதே இது திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு காரணம். தோல் சுகமான பின்னரும் சொல்லப்பட்ட காலம் வரை தொடர்ந்து பூசுங்கள். துவாயையும் செருப்பையும் பிறருடன் பகிர வேண்டாம். காலுறையை நாளாந்தம் மாற்றுங்கள்.

பித்தவெடிப்பு: பெயரில் பித்தம் இருப்பினும், குதிகாலின் தோல் காய்ந்து தடித்து, உடலின் பாரத்தால் பிளப்பதே பொதுவான காரணம். குளித்தபின் தோல் மென்மையாக இருக்கையில் நுரைக்கல்லால் இலேசாகத் தேய்த்து, இரவில் வஸலின் அல்லது தேங்காய் எண்ணெய் பூசுங்கள். தோலின்மீது தடித்த படலமாக நின்று நீரைத் தடுக்கும் பொருளை வுழூவுக்கு முன் நீக்க வேண்டும் என்பதால், இஷாவுக்குப் பின் பூசுவது வசதியாகும். விரல்களுக்கிடையே பூச வேண்டாம். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால் வைத்தியரிடம் செல்லுங்கள்.

கால் ஆணி: ஓரிடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழுவதால் தோல் தடித்து உருவாவது. இறுக்கமான சப்பாத்தை மாற்றாமல் ஆணியை மட்டும் நீக்கினால் மீண்டும் வரும். பிளேடால் வெட்டுவது ஆபத்தானது. கடைகளில் விற்கும் ஆணி பிளாஸ்டரில் தோலைக் கரைக்கும் அமிலம் உண்டு. சீனி வியாதி உள்ளவர்கள் அதனைப் பயன்படுத்தவே கூடாது.

நகம்: நகம் வெட்டுவது இயற்கை மரபுகளில் ஒன்றாகும். நாற்பது நாட்களுக்கு மேல் அதனை விட்டுவைக்க வேண்டாம் என்பதை அனஸ் (ரழி) அவர்கள் வழியாக அறிகின்றோம். கால் நகங்களை நேராக வெட்டுங்கள். ஓரங்களைத் தோண்டி வளைத்து வெட்டினால், நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் கட்டலாம்.

குதிகால் வலி: சுபஹுக்கு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்துவதுபோல் வலித்து, சிறிது நடந்ததும் குறைந்தால், அது பெரும்பாலும் உள்ளங்காலில் உள்ள தசைநார்ப் பட்டையின் அழற்சியாகும். சுவரில் கையூன்றி, பின்காலின் குதிகால் தரையில் இருக்க முன்னே சாய்ந்து கெண்டைத் தசையை நீட்டுங்கள். மெத்தையான செருப்பை அணியுங்கள். உடல் எடையைக் குறையுங்கள். சுகமாகச் சில மாதங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

கால் வீக்கம்: நீண்ட நேரம் நின்றதால் இரு கால்களும் வீங்கினால், காலை உயர்த்தி ஓய்வெடுக்கத் தணியும். தணியாவிடின் இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை நீக்கிவிட்டதாக 2016இல் உலக சுகாதார அமைப்பு உறுதிப்படுத்தியது. ஆயினும் முன்பே வீங்கிய கால்களுடன் வாழும் முதியோர் நம்மிடையே இருக்கின்றார்கள். அக்கால்களை நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, இடுக்குகளை நன்கு துடைப்பதே அவர்களுக்குரிய பிரதான பராமரிப்பாகும்.

சீனி வியாதி உள்ளவர்களுக்கு

செருப்பணிந்து செல்பவர் வாகனத்தில் செல்பவரைப் போன்றவர் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது கூறினார்கள். ஒற்றைச் செருப்புடன் நடப்பதையும் தடுத்தார்கள். உணர்வு குறைந்த பாதத்துக்குச் செருப்பு வெறும் அலங்காரமல்ல, கவசமாகும். ஆகவே வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். அணியுமுன் செருப்பினுள் கல், ஆணி உண்டா என்று கையால் தடவிப் பாருங்கள். பாதங்கள் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில் புதுச் சப்பாத்து வாங்குங்கள். சுடுநீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் சோதியுங்கள். காலைச் சுடுநீரில் நீண்ட நேரம் ஊறவைக்க வேண்டாம். புகைத்தலை விட்டுவிடுங்கள், அது ஒடுங்கிய இரத்தக் குழாயை மேலும் ஒடுக்குகின்றது.

நண்பகலில் சூடேறிய பள்ளிவாசல் முற்றத்திலும், மக்காவில் ஹரத்துக்கு வெளியேயும் மினாவிலும் உள்ள வீதிகளிலும் வெறுங்காலுடன் நடந்து, சூட்டை உணராமலேயே உள்ளங்கால் வெந்துபோனவர்கள் உண்டு. ஹஜ்ஜுக்குச் செல்லும் நீரிழிவு நோயாளர், செருப்புத் தொலைந்துவிடாதிருக்க அதனைப் பையிலிட்டுத் தம்முடனேயே வைத்திருக்க வேண்டும்.

காயம் ஏற்பட்டால் சுத்தமான நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். கோப்பித்தூளும் பற்பசையும் மருந்தல்ல. சிவப்பு பரவுதல், துர்நாற்றம், கறுத்துப்போதல், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால் நாளை வரை காத்திருக்கக் கூடாது. கொழும்பு தேசிய வைத்தியசாலையும் களுபோவில வைத்தியசாலையும் நமக்கு அண்மையிலேயே உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். கிளினிக்குச் செல்லும்போது, ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாதங்களைப் பரிசோதிக்குமாறு நீங்களே கேளுங்கள். மெல்லிய நைலோன் இழை ஒன்றால் தொட்டுப் பார்த்தே உணர்வு குறைந்திருப்பதை வைத்தியர் அறிந்துகொள்வார்.

மார்க்கம் தரும் சலுகை

காயத்தில் கட்டு இருந்தால், அதனை அவிழ்ப்பது ஊறு விளைவிக்கும் என்ற நிலையில், மற்ற உறுப்புகளையும் காலின் நல்ல பகுதியையும் கழுவி, கட்டின்மீது ஈரக்கையால் தடவி, மறைந்துள்ள பகுதிக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். இதுவே நமது மத்ஹபின் வழி. கட்டு எந்த நிலையில் இடப்பட்டது, எவ்வளவு இடத்தை மறைக்கின்றது என்பவற்றைப் பொறுத்து மேலும் சட்டங்கள் உண்டு. அவற்றை ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதத்தில் புண் உள்ளவர் அதன்மீது பாரம் விழாதவாறு கதிரையில் அமர்ந்து தொழலாம். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழட்டும் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்துள்ளார்கள். புண்பட்ட விரலை மடித்து அழுத்தி இருப்பில் உட்காருவது பக்தியாகாது.

ஒரு பயணத்தில் தலையில் காயமுற்ற ஒரு தோழருக்குக் குளிப்பு கடமையானது. சலுகை உண்டா என்று அவர் கேட்டபோது, உடன் இருந்தோர் இல்லை என்றனர். அவர் குளித்தார், இறந்தார். இதனைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள் மிகவும் கோபமடைந்து, அறியாமைக்கு மருந்து கேட்டு அறிவதே என்று உணர்த்தியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்தப் பாடம் கேட்பவருக்கு மட்டுமன்று, பதில் சொல்பவருக்கும் உரியது. இன்று என்னிடம் எவரேனும் காயத்தைப் பற்றிச் சட்டம் கேட்டால், சீனி உண்டா, வைத்தியரிடம் காட்டினீர்களா என்று கேட்ட பின்னரே சட்டத்தைச் சொல்கின்றேன்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். வுழூ செய்யுமிடத்தில் முதியோர் அமர்வதற்கு இருக்கைகள் வையுங்கள். வழுக்கும் பாசியை அகற்றுங்கள். எல்லோருக்கும் பொதுவான துவாயைத் தொங்கவிட வேண்டாம். முற்றத்தில் வெயில் படும் இடங்களில் விரிப்பு இடுங்கள். இவையும் தொழுகையாளிகளுக்குச் செய்யும் பணிவிடையே.

அந்த ஹாஜியார் இன்று கதிரையில் அமர்ந்து ஸஃப்பில் தொழுகின்றார். ஒவ்வொரு வுழூவின் பின்னும் தமது துணியை எடுத்து, எஞ்சிய விரல்களின் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்கின்றார். அருகில் இருப்பவர்களிடமும், “காலைப் பாருங்கள், காலைப் பாருங்கள்” என்கின்றார். அடுத்த வேளை வுழூவில் நாமும் நமது பாதங்களைச் சற்றே நின்று பார்ப்போமாக.

நமது பாதங்களை நன்மையின் பாதையில் உறுதியாக நிலைக்கச் செய்து, அவற்றின் ஆரோக்கியத்தை இறுதி வரை பேணி, மறுமையில் அவற்றை நமக்குச் சார்பான சாட்சிகளாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.